பாட்டிக்கு ஒரு தொலையியக்கி



நம் வீட்டு வரவேற்பறையில் அதிகம் தேடப்படும் பொருள் எது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில் 'ரிமோட்' என்பதாகத்தான் இருக்கும். தமிழில் இதைத் தொலையியக்கி என்கிறோம். நாற்காலி இடுக்கிலும் தலையணைக்கு அடியிலும் தேடி எடுத்து, பொத்தானை அழுத்தி, அலைவரிசையை மாற்றிவிட்டு அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அந்தச் சிறு கருவி தொலைக்காட்சியிடம் என்னதான் பேசுகிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. என் பாட்டி மூன்று வாரம் தொலைக்காட்சியே பார்க்காமல் இருந்தார் என்று தெரியவந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

பாட்டி சுங்கை சிப்புட்டில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு பருவ விடுமுறையில் நான் போனபோது, தொலைக்காட்சியுடன் வந்த தொலையியக்கி துணி துவைக்கும் வாளியில் விழுந்து செத்துப் போயிருந்தது. பட்டணத்துக் கடையில் 15 ரிங்கிட் கொடுத்து ஒரு பொதுத் தொலையியக்கி வாங்கி வந்தேன். எந்த நிறுவனத்தின் தொலைக்காட்சியாக இருந்தாலும் பழக்கிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். பத்து நிமிடத்தில் பழக்கிவிட்டேன். "எம் பேரன் பெரிய படிப்பு படிக்கிறான்" என்று பாட்டி பக்கத்து வீட்டாரிடம் பெருமைப்பட, நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

அடுத்த முறை போனபோது தொலைக்காட்சியின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அண்ணன் புதியது போட்டுக் கொடுத்திருக்கிறார். அதன்பின் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லையாம். "ஏன் பாட்டி போன் பண்ணிச் சொல்லல?" என்றேன். "ஒனக்குப் பரீட்ச நேரம்னு ஒங்கம்மா சொன்னா. இதுக்குப் போயி ஒன்னயத் தொந்தரவு பண்ணலாமாய்யா?" என்றார்.

தொலையியக்கியைப் பழக்குவதில் நான் எங்கே தவறினேன் என்பதை அன்றிலிருந்து தேடிப் படித்தேன். அதன் பலனே இக்கட்டுரை.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

தொலையியக்கியின் முனையில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது ஒளிர்கிறது. அந்த ஒளி நம் கண்ணுக்குப் புலப்படாது. அதுவே அகச்சிவப்புக் கதிர். தேசிய இடைநிலைப்பள்ளியில் இதை 'இன்ஃப்ராமேரா' என்று மலாயில் படித்துத் தேர்வும் எழுதினேன். ஆனால் பாட்டிக்கு விளக்க வந்தபோதுதான் அதற்கான தமிழ்ச்சொல் வாயில் வரவில்லை. "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்" என்று சொன்னேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. உண்மையில் அதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

நம் கண்ணால் ஏறத்தாழ 380 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியைக் காண முடியும். தொலையியக்கிகள் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அளவிலான ஒளியை வெளியிடுகின்றன. கைத்தொலைபேசியின் கேமராவுக்கு நேரே தொலையியக்கியைப் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். திரையில் வெளிர் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் முயன்று பாருங்கள். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். சூரியன், மின்விளக்கு, ஏன், நம் உடல்கூட அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. அவ்வாறிருக்க, தொலைக்காட்சி குழம்பிப் போகாமல் இருப்பது எப்படி?

இதே சிக்கலை அந்தக் காலத்துப் பொறியாளர்களும் எதிர்கொண்டார்கள். அமெரிக்காவின் சீனித் நிறுவனத்தில் பணியாற்றிய யூஜின் போலி 1955-இல் 'ஃபிளாஷ்மேட்டிக்' என்ற கம்பியில்லாத் தொலையியக்கியை உருவாக்கினார். அது கைவிளக்கைப் போல் ஒளியைப் பாய்ச்சி இயக்கும் கருவி. வெயில் தொலைக்காட்சியின் மேல் விழுந்தாலும் அலைவரிசை தானாக மாறிவிடும் என்பது அதன் குறை. மறு ஆண்டே, அதாவது 1956-இல், அதே நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டுவிட்டு ஒலிக்கு மாறினார். அலுமினியக் கம்பிகளைத் தட்டி, மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை எழுப்பும் அக்கருவிக்கு மின்கலமே தேவைப்படவில்லை. பின்னர் 1980-களில் மீண்டும் ஒளியே வென்றது. இம்முறை அது அகச்சிவப்பு ஒளி, அதுவும் ஓர் உத்தியோடு வந்தது.

அந்த உத்தி இதுதான். தொலையியக்கியின் விளக்கு சும்மா எரிவதில்லை. பேசும்போது அது நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை மினுக்குகிறது. தொலைக்காட்சியில் உள்ள ஏற்பி இந்த வேகத்தில் மினுக்கும் ஒளியை மட்டுமே பொருட்படுத்துகிறது. சூரிய ஒளி அப்படி மினுக்குவதில்லை. ஆகவே அது ஒதுக்கப்படுகிறது. சந்தை இரைச்சலுக்கு நடுவிலும் அம்மா கூப்பிடும் குரல் மட்டும் நம் காதில் விழுகிறதே, அதைப் போன்றது இது.

ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி

மினுக்கும் வேகம் குரல் என்றால், சொல் எது? மினுக்கலுக்கும் அமைதிக்கும் இடையிலான கால அளவே சொல். பரவலாகப் பயன்படும் என்.இ.சி. எனும் முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் 9 மில்லிநொடி மினுக்கல், பிறகு 4.5 மில்லிநொடி அமைதி. "கவனி, பேசப் போகிறேன்" என்பது இதன் பொருள். அதன்பின் 32 குறிகள் வருகின்றன. ஒவ்வொரு குறியும் சுழியம் அல்லது ஒன்று. ஏறத்தாழ 0.56 மில்லிநொடி மினுக்கலுக்குப் பிறகு அதே அளவு அமைதி இருந்தால் அது சுழியம். அமைதி ஏறத்தாழ 1.69 மில்லிநொடிக்கு நீண்டால் அது ஒன்று.

அந்த 32 குறிகளில் முதல் 8 குறிகள் முகவரி. இந்தச் செய்தி யாருக்கு என்பதை அவை சொல்கின்றன. அடுத்த 8 குறிகள் அதே முகவரியைத் தலைகீழாக, அதாவது சுழியத்தை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியமாகவும் மாற்றிச் சொல்கின்றன. மூன்றாவது 8 குறிகள் கட்டளை. "ஒலியைக் கூட்டு", "அணைந்துவிடு" போன்றவை இதில் அடங்கும். கடைசி 8 குறிகள் அக்கட்டளையின் தலைகீழ். இரண்டும் பொருந்தாவிட்டால் தொலைக்காட்சி அந்தச் செய்தியை நம்பாது. இத்தனையும் 70 மில்லிநொடிக்குள் முடிந்துவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு என்றால் அது மிகையாகாது.

எல்லா நிறுவனங்களும் இதே மொழியைப் பேசுவதில்லை என்பதுதான் சிக்கலின் வேர். சோனியின் முறை 40,000 முறை மினுக்கும். பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்.சி.5 முறை 36,000 முறை மினுக்கி, 14 குறிகளில் செய்தியை முடித்துவிடும். ஒரே மொழியைப் பேசினாலும் முகவரி வேறுபடும். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் தொலையியக்கி வேறொரு நிறுவனத்தின் தொலைக்காட்சியைப் பொதுவாக அசைப்பதில்லை.

பழக்குவது எப்படி?

பொதுத் தொலையியக்கி என்பது பல மொழி தெரிந்த ஒருவரைப் போன்றது. எந்த மொழியில் பேச வேண்டும் என்று நாம் சொல்லிக் கொடுப்பதையே பழக்குதல் என்கிறோம். அதற்கு மூன்று வழிகள் உள்ளன. பொத்தான்களின் பெயர் கருவிக்குக் கருவி மாறலாம். அடிப்படை ஒன்றே.

முதல் வழி, எண் கொடுத்தல். தொலையியக்கியுடன் வரும் தாளில் ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்கும் நேரே சில எண்கள் இருக்கும். தொலைக்காட்சியை அதன் உடலிலுள்ள பொத்தானால் இயக்குங்கள். தொலையியக்கியில் 'செட்' பொத்தானை, சிறுவிளக்கு அணையாமல் எரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு எண்ணை அழுத்துங்கள். ஏற்றுக்கொண்டால் விளக்கு அணையும். ஒரு நிறுவனத்திற்கே பல எண்கள் இருப்பது ஏன் என்றால், அந்நிறுவனம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு குறியீடுகளைப் பயன்படுத்தியிருக்கும். எனவே தொலைக்காட்சி அணைந்துவிட்டது என்றவுடன் மகிழ்ந்து எழுந்துவிடாதீர்கள். ஒலி, அலைவரிசை, 'சோர்ஸ்' ஆகிய மூன்றையும் சோதியுங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

இரண்டாவது வழி, தானாகத் தேடுதல். தாள் தொலைந்துவிட்டாலோ, நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலோ இது கைகொடுக்கும். 'செட்' பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டு, கையேடு சொல்லும் பொத்தானை அழுத்தினால், தொலையியக்கி தனக்குத் தெரிந்த குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கும். தொலைக்காட்சி அணைந்த அல்லது ஒலிக்கோடு தோன்றிய அந்தக் கணமே நிறுத்த வேண்டும். சற்றுத் தாமதித்தால் அது அடுத்த குறியீட்டுக்குத் தாவிவிடும். பொறுமை தேவைப்படும் வேலை இது.

மூன்றாவது வழி, கற்றுக்கொள்ளுதல். சில தொலையியக்கிகளுக்கே இந்தத் திறன் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-இல் வெளியிட்ட 'கோர்' என்ற கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. பழைய தொலையியக்கியையும் புதியதையும் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைக்க வேண்டும். புதியதைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதில் ஒரு பொத்தானைத் தேர்ந்தெடுத்து, பழையதில் உரிய பொத்தானை அழுத்த வேண்டும். புதியது அந்த மினுக்கலைக் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளும். பொருள் தெரியாமலே ஒப்பிக்கும் மாணவனைப் போல!

இதில் மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. வெயில் படும் இடத்திலும் குழல்விளக்கின் அடியிலும் இதைச் செய்யாதீர்கள், இரைச்சலும் சேர்ந்து பதிவாகிவிடும். பழைய பொத்தானை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காதீர்கள். என்.இ.சி. முறையில் பொத்தானைப் பிடித்திருந்தால் "முன்பு சொன்னதையே திரும்பச் செய்" என்ற சிறு குறி மட்டுமே தொடர்ந்து வரும். அது தவறாகப் பதிவாகலாம். மூன்றாவது, ஆர்.சி.5 போன்ற முறைகளில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குறி மாறி மாறி வரும். பிடித்திருக்கிறாரா, விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாரா என்று தொலைக்காட்சி அறிவதற்காக அமைந்தது அது. மனப்பாடம் செய்த தொலையியக்கி எப்போதும் ஒரே குறியை ஒப்பிப்பதால், 2-ஐ இருமுறை அழுத்தியும் 22 வராமல் போகலாம். அப்போது கருவி பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்றைய திறன் தொலைக்காட்சிகள் சிலவற்றின் தொலையியக்கி, அகச்சிவப்போடு புளூடூத் வழியாகவும் பேசுகிறது. குரல் வழித் தேடலைப் போன்ற வசதிகளைச் சாதாரணப் பொதுத் தொலையியக்கியால் செய்ய இயலாது. வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்.

நான் எங்கே தவறினேன்?

இனி பாட்டி வீட்டுக்கு வருவோம். நான் முதல் வழியில் பழக்கிய அந்தத் தொலையியக்கி, கொடுத்த எண்ணை மின்கலத்தில் மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும் வகை. மின்கலத்தைக் கழற்றினால் எல்லாம் மறந்துவிடும். வேறு பல கருவிகள் மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்திருக்கும். வாங்கிய அன்றே மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றிப் போட்டுச் சோதித்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்கும். நான் சோதிக்கவில்லை.

அதுமட்டுமன்று. நம் நாட்டில் 2019 அக்டோபரில் பழைய அனலாக் ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. பாட்டியின் தொலைக்காட்சி அதற்கு முந்தியது. ஆகவே மைடிவி எனும் இலக்கமுறை ஒளிபரப்பைப் பெற ஒரு டிகோடர் பெட்டியும், அதற்கொரு தொலையியக்கியும் அவர் வீட்டில் இருந்தன. ஒலிக்கு ஒன்று, அலைவரிசைக்கு மற்றொன்று. இரண்டிலும் சேர்த்து எண்பதுக்கும் மேற்பட்ட பொத்தான்கள், எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்து. அவருக்குத் தேவைப்பட்டதோ ஆறு பொத்தான்கள். நான் இயந்திரத்துக்குப் பொருத்தமாகப் பழக்கினேனே தவிர, பாட்டிக்குப் பொருத்தமாகப் பழக்கவில்லை.

இம்முறை பெரிய பொத்தான்கள் கொண்ட, கற்றுக்கொள்ளும் வகைத் தொலையியக்கி ஒன்றை வாங்கினேன். ஆனால் ஒரு தடை. கற்றுக்கொடுக்க வேண்டிய பழைய தொலையியக்கிதான் வாளியில் விழுந்து செத்துவிட்டதே! சற்று யோசித்தபோது விடை கையிலேயே இருந்தது. முதலில் வாங்கிய 15 ரிங்கிட் தொலையியக்கிக்கு மீண்டும் எண் கொடுத்துப் பழக்கி, அதையே ஆசிரியராக்கினேன். தொலைக்காட்சியை இயக்குவதையும் ஒலியைக் கூட்டிக் குறைப்பதையும் அது கற்றுக்கொடுத்தது. பெட்டியை இயக்குவதையும் அலைவரிசையை மேலும் கீழும் நகர்த்துவதையும் டிகோடரின் தொலையியக்கி கற்றுக்கொடுத்தது. இரண்டு கருவிகள் பேசிய இரண்டு மொழிகளும் ஒரே கையில் அடங்கின. தொலைக்காட்சியின் இயக்குபொத்தானில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளியும், பெட்டியின் இயக்குபொத்தானில் இரண்டு புள்ளிகளும் வைத்தேன். பயன்படாத பொத்தான்களை ஒட்டுநாடாவால் மூடினேன். மின்கலத்தைக் கழற்றி ஓர் இரவு முழுவதும் வெளியே வைத்தேன். காலையில் போட்டபோது எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது.

கடைசி வேலைதான் முக்கியமானது. அந்த 15 ரிங்கிட் தொலையியக்கியுடன் வந்த கையேடு ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார், கைத்தொலைபேசியில் எண் அழுத்துவார். ஆகவே ஒரு சிறு தாளில் தமிழில் நான்கு வரி எழுதினேன்.

ஒன்று, டிவியில் உள்ள பொத்தானை அழுத்தி டிவியைப் போடவும். இரண்டு, ரிமோட்டில் புள்ளி வைத்த பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும் வரை பிடிக்கவும். மூன்று, இந்த எண்ணை அழுத்தவும். நான்கு, விளக்கு அணைந்தால் சரி.

மூன்றாம் வரிக்குப் பக்கத்தில் எண்ணைப் பெரிதாக எழுதி, தாளை மடித்து அந்தத் தொலையியக்கியின் மின்கல மூடிக்குள் வைத்தேன். புதியது என்றாவது பழுதானால் பழையது இருக்கும், அது மறந்தாலும் தாள் இருக்கும். பிறகு மின்கலத்தைக் கழற்றி அனைத்தையும் மறக்கவிட்டு, பாட்டியின் கையில் கொடுத்து, "நீங்களே செய்ங்க பாட்டி" என்றேன். முதல் முறை அவர் விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டார். இரண்டாம் முறை எண்ணில் ஒன்றைத் தவறவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரியின்மேல் விரல் வைத்துப் படித்து, மூன்றாம் முறை அழுத்தினார். விளக்கு அணைந்தது. ஒலிப் பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சைக்கோடு நீண்டது.

"இம்புட்டுத்தானாய்யா?" என்றார்.

இம்புட்டுத்தான். ஆனால் முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, அறிவை என்னோடு பேருந்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நண்பர்களே, நம்மில் பலர் அடுத்த விடுமுறைக்கு ஊர் திரும்புவோம். அங்கே தாத்தாவோ பாட்டியோ ஒரு கருவியை நீட்டி, "இத என்னான்னு பாரு" என்பார்கள். பார்த்துச் சரிசெய்து கொடுங்கள். அதோடு, தமிழில் நான்கு வரி எழுதி வைத்துவிட்டும் வாருங்கள். நாம் பக்கத்தில் இல்லாத நாளில் அவர்களுக்கு உதவப்போவது அந்த நான்கு வரிகள்தாம்.

சென்ற மாதம் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து வீட்டு அண்ணனின் அம்மாவுடைய தொலையியக்கியும் மின்கலம் மாற்றியதும் மறந்துவிட்டதாம். பாட்டியே போய்ப் பழக்கிக் கொடுத்தாராம். "அவங்க டிவிக்கு நம்பரு வேற, அந்தத் தாள்லயே பாத்துப் போட்டேன்" என்றார்.